இரண்டு டம்ளர் தண்ணீர்

"அம்மா, கையைக் காட்டாதே. வாயால சொல்லு."

வாலு மூன்றாவது தடவையாகச் சொன்னாள். அவளுக்குப் பத்து வயது. சேட்டை அதிகம் என்பதால் வீட்டில் அவளுக்கு அந்தப் பெயர்.

அம்மா ஓர் இயந்திரப் பட்டறையில் கூட்டித் துடைக்கும் வேலை பார்த்தாள். அங்கே சாமான் அறையில் எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத்தான் அத்துப்படி. அதனால் அந்த அறையின் பொறுப்பையே அவளுக்குக் கொடுக்கலாம் என்றார் மேலாளர்.

ஒரே ஒரு சிக்கல். புதிதாக வந்த என்ஜினியருக்கு இங்கிலீஷ் மட்டும்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அவர் சாமான் அறையில் நின்றுகொண்டு வீட்டுக்கு ஃபோன் செய்வார். அவர் கேட்கும் பொருள் எங்கே இருக்கிறது என்று அம்மா சொல்ல வேண்டும். சொன்னால் வேலை.

இன்று வெள்ளி.

ஒத்திகைக்காக, அடுத்த அறையில் வாலுவின் தம்பிதான் என்ஜினியர். "மேடம், வேர் இஸ் த கீ?" என்று குரலைக் கனமாக்கிக் கேட்டான்.

"ஸ்மால் கீ. பிளாக் கீ. தேர்..." அம்மாவின் கை அலமாரிப் பக்கம் நீண்டது.

தம்பி ஒற்றைச் செருப்போடு வந்தான்.

"இதுவாடா சாவி?"

"நீ காட்டினது எனக்கு எப்படித் தெரியும்? கையில கிடைச்சதை எடுத்துட்டு வந்தேன்."

அம்மா உட்கார்ந்துவிட்டாள். "ஆன், அண்டர், பிஹைண்ட் எல்லாம் மனப்பாடம் பண்ணிட்டேன்டி. பேச ஆரம்பிச்சா இந்தக் கை முந்திக்குது."

வாலு கொஞ்சம் யோசித்தாள். பிறகு இரண்டு டம்ளரில் தண்ணீரைத் ததும்பத் ததும்ப ஊற்றி, அம்மாவின் இரண்டு கையிலும் கொடுத்தாள்.

"இப்போ சொல்லு. சிந்தினா நீதான் துடைக்கணும்."

"துடைக்கிறது எனக்கென்ன புதுசா?"

வெள்ளிக்கிழமை தரையை ஏழு தடவை துடைத்தார்கள். சனிக்கிழமை இரண்டே தடவைதான்.

ஞாயிறு பத்து மணிக்கு ஃபோன் அடித்தது. மூன்று பேருக்கும் கேட்கும்படி வாலு ஸ்பீக்கரைப் போட்டாள்.

"வேர் இஸ் த ஆயில் கேன்?"

அம்மாவின் வலது கை மெல்ல எழுந்து சமையலறைச் சுவரைக் காட்டியது. வாய் திறக்கவில்லை.

வாலு ஓடினாள். இரண்டு டம்ளரோடு திரும்பி வந்து அம்மாவின் கைகளில் திணித்தாள்.

அம்மா தண்ணீரைப் பார்த்தாள். மூச்சை இழுத்துவிட்டாள்.

"யெல்லோ கேன். ஸ்மால். ஆன் த செகண்ட் ஷெல்ஃப். பிஹைண்ட் த பிக் வீல்."

காலடிச் சத்தம் கேட்டது. எதையோ நகர்த்தும் சத்தம். "நோ. நோ ஆயில் கேன் ஹியர்."

தம்பியின் முகம் வாடிவிட்டது. அம்மா அசையவில்லை. நேற்றுத்தானே அந்த அலமாரித் தட்டைத் துடைத்தாள்.

"லுக், சார். புளூ கிளாத். ஆயில் கேன் அண்டர் த கிளாத்."

துணியை இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு சிரிப்பு.

"யெஸ்! கம் டுமாரோ, மேடம். நைன் ஓ கிளாக்."

ஃபோன் நின்றது. தம்பி குனிந்து தரையைத் தடவிப் பார்த்தான். ஒரு சொட்டுகூட இல்லை.

"கை விட்டுப்போச்சு. யாராவது இதை வாங்குங்களேன்" என்றாள் அம்மா.

வாலு வாங்கிக்கொண்டாள். "எங்கேம்மா வைக்க?"

அம்மாவின் கை பாதி எழுந்தது. சட்டென்று அதை இறக்கிவிட்டுச் சொன்னாள்:

"ஆன் த டேபிள்."