ஐம்பத்து மூன்று மணி நேரப் பயணம்

அச்சகக்காரர் இரண்டு கையெழுத்துப் பிரதிகளையும் மேசைமேல் வைத்துவிட்டு நில அளவையரைப் பார்த்தே பேசினார். பக்கத்தில் இருந்த அவருடைய தங்கை கணவரான பஸ் டிரைவருக்கு வயிறு எரிந்தது. எந்தச் சிக்கலானாலும் எல்லோரும் மச்சானைத்தான் தேடி வருகிறார்கள். கட்டிய மனைவிகூட, "எங்க அண்ணனைக் கேளுங்க" என்றுதான் சொல்கிறாள்.

"ரெண்டும் விண்வெளி விளையாட்டு. மேசையைச் சுத்தி உட்கார்ந்து, ஆளுக்கொரு மாலுமியா பேசி, பகடை உருட்டி ஆடுறது," என்றார் அச்சகக்காரர். "எழுதினது அண்ணனும் தம்பியும். அண்ணன் மருந்துக்கடை வச்சிருக்கார். தம்பி லிஃப்ட் மெக்கானிக். எவ்வளவு தூரத்துக்கு எத்தனை மணி நேரம்னு ரெண்டுலயும் அச்சு அசலா ஒரே அட்டவணை. ஒருத்தரை ஒருத்தர் திருடன்றாங்க. நான் எதை அச்சடிக்க?"

டிரைவர் முந்திக்கொண்டார். "தம்பிதான் எடுத்திருப்பான் மச்சான். அண்ணன் பத்து வருஷமா ஆட்டம் நடத்துறவராச்சே."

"இருக்கலாம் மாப்ள. முதல்ல படிப்போம்."

இரண்டு நூல்களிலும் ஒரே மாதிரி எஞ்சின். தரையில் உணரும் எடையையே கப்பலிலும் உணரும் அளவுக்கு முடுக்கம். தம்பியின் எழுத்து இயந்திரக் கையேடு போல வறண்டிருந்தது. அண்ணன் விளையாட்டோடு சேர்த்திருந்த கதையிலோ மாலுமிகள் சண்டை போட்டார்கள், அழுதார்கள்; ஒரு சமையல்காரி கப்பலை விட்டு இறங்கப்போவதாக மிரட்டினாள். டிரைவர் அதில் ஆழ்ந்துபோய், ஓரிடத்தில் சிரித்துவிட்டார்.

"எஞ்சினை அணைச்சதும் கப்பல் அந்த நொடியே நின்னுடுச்சாம். என் பஸ்ஸே பிரேக் போட்டா முப்பதடி தள்ளித்தான் நிக்குது. தம்பி பரவாயில்ல. பாதி வழி வேகத்தைக் கூட்டுறான், கப்பலைத் திருப்புறான், மீதி வழி முழுக்கக் குறைக்கிறான்."

மச்சானின் பென்சில் நின்றது. "அதை இன்னொரு தடவை சொல்லுங்க மாப்ள."

மறுநாள் காலை அச்சகத்தில் அண்ணனும் தம்பியும் முகம் பார்க்காமல் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

"ஒம்பது கோடி கிலோமீட்டருக்கு அட்டவணையில அம்பத்து மூணு மணி நேரம்," என்றார் நில அளவையர். "பாதியில திரும்பி வேகத்தைக் குறைச்சா சரியா அவ்வளவுதான் ஆகும். கடைசி வரைக்கும் வேகத்தைக் கூட்டிக்கிட்டே போய், நினைச்ச இடத்துல நிக்கிற கப்பலுக்கு முப்பத்தெட்டு மணி நேரம் போதும். எல்லா வரியும் போட்டுப் பார்த்துட்டேன். இந்த அட்டவணை, திரும்புற கப்பலுக்காகப் போட்டது. அண்ணனோட கப்பல் திரும்புறதே இல்லை."

மருந்துக்கடைக்காரர் மேசையில் கிடந்த தன் பிரதியை மூடி வைத்தார்.

"எடுத்தது நான்தான்," என்றார். "இவனுக்குப் பகடை பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததே நான். ஞாயித்துக்கிழமை என் வீட்டுக்கு வந்துக்கிட்டிருந்த ஏழு பேரும் இப்ப இவன் வீட்ல. இவன் கணக்கு நிஜம் மாதிரி இருக்காம். கடைசியா என் பொண்டாட்டியும் அங்கயே ஆடப் போனா. அந்த அட்டவணை இருந்தா திரும்பி வருவாங்கன்னு நினைச்சேன்."

"கேட்டிருந்தா கொடுத்திருப்பேனே," என்றான் தம்பி.

"அது தெரியும்டா. உன்கிட்ட கேக்கணுமேன்னுதான் எடுத்தேன்."

அச்சகக்காரர் தம்பியின் பிரதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "பிரமாதம் சார்," என்று நில அளவையரிடம் கை நீட்டினார்.

"என்கிட்ட சொல்லாதீங்க. நான் எண்களை மட்டும் பார்த்துக்கிட்டிருந்தேன். பிரேக்கைப் பிடிச்சது எங்க மாப்பிள்ளை. இவர் இல்லேன்னா இது எனக்குத் தட்டுப்பட்டிருக்காது."

எல்லோரும் டிரைவரைப் பார்த்தார்கள். எத்தனையோ வருடங்களாக அவர் ஏங்கிய பார்வை அது. மருந்துக்கடைக்காரரும் நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கண்ணில் கோபம் இல்லை. தன்னைத் தள்ளிவிட்டு இன்னொருவன் பாராட்டு வாங்குவதைப் பார்க்கும் எரிச்சல் இருந்தது. கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்ததுபோல டிரைவருக்குத் திக்கென்றது.

மருந்துக்கடைக்காரர் தன் பிரதியை எடுக்காமலே எழுந்து போனார். டிரைவர் அதைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

"சார், அந்த சமையல்காரி கப்பலை விட்டு இறங்குனாளா இல்லையா? பாதியில விட்டுட்டீங்களே," என்றார் வாசலில் மூச்சு வாங்க.

மருந்துக்கடைக்காரர் நின்றார்.