பெரிய கிளாக்கரின் கட்டைவிரல்

ஊசிக்கல் தேயிலைத் தோட்டத்து ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தது எண்பத்தேழில். அக்கரப்பத்தனைப் பக்கம் மழை விடாமல் அடித்துக்கொண்டிருந்த மாதம். லொறியிலிருந்து பெட்டிகளை இறக்கி, சாக்கைப் போர்த்தி, பிள்ளைத்தாச்சியைக் கூட்டிப்போகிற மாதிரி மெதுவாக உள்ளே கொண்டுபோனார்கள். பின்னாலேயே குடையைச் சுருக்கிக்கொண்டு பெற்றீசியா படியேறினாள்.

தொழிலாளர் லயத்துப் பிள்ளை ஒருத்தி அந்தப் படியில் செருப்போடு ஏறியது அதுதான் முதல் தடவை. கொழுந்து பறிக்கிற தெரேசாவின் மகள். ஹட்டனில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தவள். தோட்டத்தை நடத்துகிற துரை கறாராகச் சொல்லியிருந்தார்: மெஷின் ஒழுங்காக ஓடினால் வேலை அவளுக்கு. ஓடாவிட்டால் மெஷின் கொழும்புக்கு, அவள் மலைக்கு, கூடையோடு.

மெஷினை வைத்த இடம்தான் சரியில்லை. ஜன்னலோர மேசை, கைப்பிடி தேய்ந்த நாற்காலி. பெரிய கிளாக்கர் ஞானரட்ணம் காலமெல்லாம் அதிகாரம் பண்ணிய நாற்காலி அது. செத்ததும் அதிலேயேதான். ஆள் போய் நாலைந்து வருஷமாகியும் அந்த மூலையில் கராம்பு வாசம் போகவில்லை. மனுஷன் எந்நேரமும் கராம்பு மென்றுகொண்டிருப்பார்.

"அதுல யாரும் உக்கார்றதில்ல தங்கச்சி," என்றார் சின்ன கிளாக்கர் செல்லசாமி. "வேற நாற்காலி தாரேன்."

"ஏன் அண்ணே, கால் ஒடஞ்சிருக்கா?"

"காலெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

பெற்றீசியா இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அந்த நாற்காலியைப் பற்றி அவளுக்குத் தெரியாததா! ஜன்னலுக்கு வெளியேதான் பெரட்டுக் களம். விடியற்காலையில் ஆட்கள் பனியில் நடுங்கிக்கொண்டு நிற்க, பேர் கூப்பிட்டு வேலைக்குப் பிரிக்கிற இடம். ஞானரட்ணம் செக்ரோல் பேரேட்டை விரித்துவைத்துக்கொண்டு பேர் வாசிப்பார். பிடிக்காத ஆளின் பேர் வந்தால், ஊதா மை படிந்த கட்டைவிரலை அதன்மேல் வைத்து மறைத்துவிட்டு அடுத்த பேருக்குப் போய்விடுவார். பேர் கூப்பிடாவிட்டால் அன்றைக்கு வேலை கிடையாது. வேலை இல்லாவிட்டால் அடுப்பும் கிடையாது. 'அவ மேல விரல் விழுந்திருச்சு' என்று சனங்கள் கிசுகிசுப்பார்கள்.

பஞ்ச வருஷத்தில் அந்த விரல் தெரேசா மேல் விழுந்தது. மகளைக் கொழுந்துக்கு அனுப்பு என்று அவர் சொல்ல, அவள் பள்ளிக்கூடந்தான் போவாள் என்று தெரேசா சொன்னதுதான் குற்றம். தினமும் போய் நின்றாள். தினமும் விரல். பால் வற்றிப்போய், கைக்குழந்தை அந்தோனி செத்தான். அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்தது வெறும் வேலைக்காக இல்லை.

மெஷினைப் பாகம் பாகமாகப் பூட்டிக்கொடுக்க வந்த றோலண்ட் கொழும்புக்காரன்.

"சுவிட்சப் போட்டதும் இது நேரா வேலைக்குப் போகாது மிஸ். தன்னோட ஆக்கள ஒவ்வொண்ணா கூப்பிட்டுப் பாக்கும். மெமரி இருக்கா, கீபோட் இருக்கா, டிஸ்க் இருக்கா. யாரு பதில் சொல்றாங்களோ அவங்கள வச்சுக்கிட்டுத்தான் சிஸ்டம் எழும்பும்."

"பெரட்டு மாதிரி."

"என்னது?"

"ஒன்னுமில்ல சேர். போடுங்க."

சுவிட்ச் விழுந்தது. கறுப்புத் திரையில் பச்சை எண்கள் ஏறின. மெமரி பதில் சொன்னது. அடுத்தது கீபோட். ஒரு பீப் சத்தம். ஏதோ ஓர் எண்ணைக் காட்டிவிட்டு மெஷின் அப்படியே நின்றது.

"ஏதோ ஒரு கீ அமுங்கியிருக்கு. கைய எடுங்க மிஸ்."

"என் கை மடியில இருக்கு சேர்."

றோலண்ட் புத்தகத்தில் அந்த எண்ணைத் தேடினான். என்டர் கீ. ஒரு பேரை அடித்து முடித்ததும் அதை உள்ளே சேர்ப்பதற்கு அழுத்துகிற கீ. ஊதினான், தட்டினான், கவிழ்த்துக் குலுக்கினான். மறுபடி போட்டால் அதே எண். பையிலிருந்த புதுக் கீபோட்டை மாட்டினான். அதே எண். கடைசியில் எரிச்சல் வந்து, கீபோட் வயரையே பிடுங்கிவிட்டுச் சுவிட்சைப் போட்டான்.

கீபோட்டே இல்லாத மெஷின், கீபோட் இல்லை என்றுதான் சொல்லவேண்டும்.

என்டர் கீ அமுங்கியிருக்கிறது என்றது.

கராம்பு வாசம் குப்பென்று அடித்தது.

"ஈரம்தான் மிஸ். இங்க ஈரம் கூட," என்றான் றோலண்ட். முகத்தில் ரத்தமில்லை. புதுக் கீபோட்டை மேசையிலேயே விட்டுவிட்டு மத்தியான பஸ்ஸைப் பிடித்துவிட்டான். குடையையும் மறந்துவிட்டுப் போனான், அந்த மழையில்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் இதே கூத்து. வெளியே பெரட்டு முடியும். உள்ளே மெஷின் தன் பெரட்டைத் தொடங்கும், பாதியில் நின்றுவிடும். துரை வந்து பார்த்தார். "சனிக்கிழமை வரைக்கும்தான்," என்றார்.

"விட்டுத் தொலைங்க தங்கச்சி," என்றார் செல்லசாமி. "அந்த மனுசன் உசுரோட இருக்கையிலயே நம்மளால ஒன்னும் புடுங்க முடியல. இப்ப ஏலுமா?"

"உசுரோட இருக்கையில எனக்குச் சின்ன வயசு அண்ணே."

சனிக்கிழமை மூடுபனி ஜன்னலை அப்பிக்கொண்டிருந்தது. பெரட்டு கலைந்து, ஆட்களின் பேச்சுச் சத்தம் மலைப்பக்கம் போய்த் தேய்ந்தது. செல்லசாமி வாசலுக்கு வெளியே நின்றுகொண்டார். உள்ளே வரமாட்டேன் என்றுவிட்டார். பெற்றீசியா சிலுவை போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். சுவிட்சைப் போட்டாள்.

எண்கள் ஏறின.

பீப்.

இந்தத் தடவை அவள் திரையைப் பார்க்கவில்லை, கீபோட்டைப் பார்த்தாள்.

என்டர் கீ தானாகக் கீழே இறங்கியது.

மெதுவாக. நன்றாகப் பழக்கப்பட்ட ஒரு விரல் அழுத்துவது போல. அப்படியே கீழேயே நின்றது.

அவள் மேல் ஒரு குளிர் கவிந்தது. முதுகுக்குப் பின்னால் யாரோ குனிந்திருந்தார்கள். கராம்பு மணக்கும் மூச்சு காதில் பட்டது.

"எழும்பு."

பயமில்லை என்று சொன்னால் பொய்.

"லயத்துக்குப் போ."

தெரேசாவைத் தினமும் திருப்பி அனுப்பிய அதே வார்த்தைதான். அதைக் கேட்டதும் பயமெல்லாம் எங்கே போனதோ, கோபம்தான் நின்றது.

"மாட்டேன்," என்றாள். "எங்கம்மா பேரு மேல வச்சீங்க. என் தம்பி செத்தான். செத்தும் கைய எடுக்க மனசு வரலயா ஒங்களுக்கு? இது ஒங்க செக்ரோல் இல்ல. எடுங்க."

கீ அசையவில்லை.

அவள் தன் விரலை அதன்மேல் வைத்தாள். பிளாஸ்டிக் தட்டுப்படவில்லை. சதை தட்டுப்பட்டது. ஊறிப்போன, ஜில்லென்ற சதை. நடுவில் தடித்த நகம்.

"அட சனியனே!"

கையை எடுக்கவில்லை அவள். அந்தச் சதைக்கு அடியில் தன் நகத்தைச் செருகி, கீயின் விளிம்பைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு நெம்பினாள். குளிர் மணிக்கட்டு வரை ஏறியது. காதுக்குள் யாரோ உறுமினார்கள். ஒரே இழுப்பு. கீயின் மூடி சட்டென்று பிடுங்கிக்கொண்டு அவள் கைக்கு வந்தது. அமுங்கியிருந்த அடிக்குச்சி துள்ளி மேலே எழும்பியது.

மெஷின் மூச்சுவிட்ட மாதிரி ஒரு சத்தம். டிஸ்க் தட்டு சுழன்றது. கீபோட், டிஸ்க், பிரிண்டர் என்று ஒவ்வொன்றும் பதில் சொல்ல, சிஸ்டம் எழும்பி, திரையில் பச்சைக் கோடு மின்னிக்கொண்டு அவளுக்காகக் காத்திருந்தது. பெற்றீசியா அப்போதுதான் அழுதாள்.

துரை வந்தபோது அவள் வெறும் குச்சியைக் குத்திக் குத்திப் பேர்களைச் சேர்த்துக்கொண்டிருந்தாள். பிரிண்டர் கிறீச்சிட்டுக்கொண்டு வரிசையாக அடித்தது. நடுவில் தெரேசாவின் பேரும் வந்தது, மறைப்பில்லாமல்.

"ஹொந்தய்," என்று சிங்களத்திலேயே மெச்சினார் துரை. "திங்கக்கிழமையிலேருந்து நிரந்தரம்." செல்லசாமி வாசலில் நின்றபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிடுங்கிய மூடியை அவள் கைக்குட்டையில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுபோனாள். அரைநாள் வேலை முடிந்து வந்த தெரேசா அடுப்படியில் உட்கார்ந்து ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். எத்தனை சவர்க்காரம் போட்டாலும் போகாத கொழுந்துக் கறை அவள் விரல்களில் கறுப்பாக ஏறியிருந்தது. நடந்ததை எல்லாம் கேட்டாள். மூடியை வாங்கி முகர்ந்து பார்த்தாள்.

"கராம்பு," என்றாள்.

"ஓடைல வீசிறவாம்மா?"

"எதுக்கு? தண்ணி குடிக்கிற எடம்."

மூடியை அடுப்பங்கல்லில் வைத்தாள். அதன் முகத்தில் ஊதா மை மெல்லக் கசிந்து, ஒரு ரேகையாகச் சுற்றிச் சுற்றி விரிந்தது.

தெரேசா தன் கறுத்த கட்டைவிரலைத் தூக்கி, அதன் நட்டநடுவில் வைத்தாள்.

"இப்ப யாரு மேல யாரு விரலு, கிளாக்கரய்யா?"

அடுப்பில் விறகு வெடித்தது. அடியிலிருந்து ஏதோ அவள் விரலை மேலே தள்ளியது. ஒரு தடவை. மறுபடி ஒரு தடவை, இன்னும் பலமாக.

"அம்மா, கைய எடுங்கம்மா!"

"நீ ரொட்டியப் பெரட்டிப் போடு, கருகுது," என்றாள் தெரேசா. விரலை இன்னும் அழுத்தினாள்.