திரும்பி வருகிறவர்களுக்கு மஞ்சள்

பக்கத்து மேசை நாற்காலியில் ஒரு கைத்துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. நீலக் கரை போட்டது, துவைத்துத் துவைத்து நைந்தது. அது பல நாளாக அங்கேயே தொங்குகிறது என்பதும், யாருடையது என்று தனக்குத் தெரியவில்லை என்பதும் அன்று காலை அவனுக்கு ஒரே நேரத்தில் உறைத்தன.

"சார், அந்த சீட் யாரோடது?"

எதிர் மேசைக்காரர் தலையை நிமிர்த்தவில்லை. "அது எப்பவும் காலிதானேப்பா."

அவன் குனிந்து பார்த்தான். மேசைக்கு அடியில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு, குதிகால் பக்கம் தேய்ந்து கிடந்தது. காலி நாற்காலிக்கு யார் செருப்பு வாங்கி வைப்பார்கள்? கேள்வி வந்தது, வந்த வேகத்தில் போயும்விட்டது. இப்போதெல்லாம் அவனுக்கு எதுவும் உள்ளே தங்குவதில்லை.

ஒரு வருடமாகவே அப்படித்தான். வேலையை விட்டுப் போகிறவர்களின் மின்னஞ்சல் கணக்குகளை மூடுவது அவன் பொறுப்பு. போன வருடம் ஆட்குறைப்பு வந்தபோது ஒரே மாதத்தில் நூற்றுநாற்பது பேர் போனார்கள். எல்லாம் தெரிந்த பெயர்கள். முதல் நாள் ஒவ்வொரு பெயரையும் இரண்டு முறை படித்தான். பத்தாம் நாள் பெயரைப் படிப்பதும் பல் விளக்குவதும் ஒன்றாகிவிட்டது. மனசு மரத்துப்போனவனுக்குக் கை மட்டும் எதற்கு வலிக்க வேண்டும் என்று நினைத்தானோ என்னவோ, சென்ற மாதம் உட்கார்ந்து ஒரு கணினி நிரல் எழுதிவிட்டான்.

மனிதவளப் பிரிவு அக்காவின் பட்டியலை அது நண்பகலில் தானே படித்துக்கொள்ளும். 'கடைசி நாள்' என்ற கட்டத்தில் யாருக்கெல்லாம் அன்றைய தேதி இருக்கிறதோ, மாலை ஐந்து மணிக்கு அவர்கள் கணக்கை மூடும். முகவரிப் புத்தகத்திலிருந்து எடுக்கும், புகைப்படத்தை எடுக்கும். பிறகு அந்த ஊழியர் எண் எங்கெங்கே இருக்கிறது என்று தேடும். இருக்கிற இடத்திலெல்லாம் துடைக்கும். அந்தக் கடைசிப் படியில் அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. அரைகுறையாக விட்டுவைப்பது அவனுக்குப் பிடிக்காது. முடிந்ததும் ஓர் அறிக்கை வரும். அதில் பெயர் வராது, எண் மட்டும் வரும். அப்படித்தான் அவன் அமைத்திருந்தான்.

மதியம் மனைவி வந்தாள். நான்காம் மாடியில் வரைபடப் பிரிவில் அவளுக்கு வேலை. ஒன்பதாம் மாதம். அந்தக் காலி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வீங்கிய பாதங்களை அவன் நாற்காலிக் காலின்மேல் தூக்கி வைத்தாள்.

"என்னப்பா, இன்னும் சாப்பிடலையா? உனக்கும் நான்தான் ஊட்டணுமா? இன்னும் ரெண்டு வாரத்துல வேற ஆளு வரப்போவுது, இப்பவே சொல்லிட்டேன்."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. இந்த ஒருத்தியிடம்தான் இன்னும் வருகிறது. அவள் அவன் கையைப் பிடித்துத் தன் வயிற்றின்மேல் வைத்தாள். உள்ளிருந்து ஓர் உதை. மரத்துப்போன உடம்பில் அந்த உள்ளங்கையளவு இடம் மட்டும் உயிரோடு இருந்தது. அதுவும் போய்விட்டால் தனக்கு ஒன்றும் மிச்சமில்லை என்று அவனுக்குத் தெரியும்.

"ஆறு மணிக்குக் கீழ வந்து நிப்பேன். மறந்துட்டுப் போயிடாத" என்று எழுந்து போனாள்.

நாலே முக்கால் மணிக்கு வேறு ஏதோ காரியமாக இரண்டாம் மாடிக்குப் போனான். மனிதவள அக்காவின் திரையில் பட்டியல் திறந்திருந்தது. பார்த்தவன் நின்றுவிட்டான். வரிசை வரிசையாகக் காலிக் கட்டங்கள். எண் இல்லை, பெயர் இல்லை, தேதி இல்லை. நடுவில் ஒரு வரிசைக்கு மட்டும் மஞ்சள் நிறம் அடித்திருந்தது. அதுவும் காலி.

"இது யாருக்கா?"

அக்கா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தாள். "தெரியலையேப்பா. நான்தான் மஞ்சள் அடிச்சிருப்பேன்."

"எதுக்கு அடிப்பீங்க?"

"இது என்ன கேள்வி? திரும்பி வரவங்களுக்கு அடிக்கிறதுதான். ஆபரேஷன், நீண்ட லீவு. அவங்களுக்கும் இந்தக் 'கடைசி நாள்' கட்டத்துலதான தேதி போடணும். நீ கலரப் பாத்து விட்ருவியே."

ஆமாம், அவன் விட்டுவிடுவான். ஆறு வருடமாகக் கண்ணால் பார்த்து, மஞ்சளைத் தாண்டிப் போவான். கை தானாகச் செய்த காரியம் என்பதால் அதை நிரலுக்குச் சொல்லித்தர அவனுக்குத் தோன்றவேயில்லை. நிரல் தேதியைத்தான் படிக்கும். நிறம் அதற்குத் தெரியாது.

பட்டியலின் அடியில் இன்றைய தேதியில் நான்கு பேர் இருந்தார்கள். நான்காவது வரிசை மஞ்சள்.

"ஏன் இப்படிப் பாக்குற? உன் வீட்டுக்காரிதான். திங்கக்கிழமையிலேர்ந்து பேறுகால லீவு. உனக்கே தெரியாதா?"

செருப்பு. கைத்துண்டு. எப்பவும் காலிதானே.

"நான் வேணா இப்ப அழிச்சுடவா?"

"மத்தியானமே படிச்சிருக்கும்க்கா." கடிகாரத்தில் நாலு ஐம்பத்தாறு. நிரலை நிறுத்தும் கடவுச்சொல் அவனிடம் மட்டும்தான் இருந்தது.

மின்தூக்கி எட்டாம் மாடியில் நின்றது. படிக்கட்டில் ஓடினான். சுவரில் பழைய சுண்ணாம்பு நெடி, தன் மூச்சின் இரைச்சல், ஒவ்வொரு திருப்பத்திலும் காலடி ஒன்றுக்கு இரண்டாக எதிரொலித்தது. மூன்றாம் மாடி. அவள் முகத்தை நினைத்துக்கொண்டான். இடது புருவத்தில் தழும்பு. நான்காம் மாடி. புருவத்தில் தழும்பு. எந்தப் புருவம்? ஐந்தாம் மாடி. கதவு. நாற்காலி. விசைப்பலகை. கடவுச்சொல் தப்பு. மறுபடி. ஓர் எழுத்து. இன்னொரு எழுத்து.

ஐந்து மணி.

திரையில் அறிக்கை வந்தது: நான்கு கணக்குகள் நீக்கப்பட்டன.

அவன் உட்கார்ந்து மூச்சு வாங்கினான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"என்னப்பா, யாருக்காவது ஏதாவதா? இப்படி ஓடியாற?" என்றார் எதிர் மேசைக்காரர்.

அவன் யோசித்துப் பார்த்தான். "தெரியல சார். எதுக்கோ ஓடி வந்தேன்."

உள்ளங்கையில் மட்டும் ஏதோ குறுகுறுப்பு இருந்தது. கால்சட்டையில் தேய்த்தான், அதுவும் நின்றது. அதன்பின் உள்ளே எந்தச் சத்தமும் இல்லை.

ஆறு மணிக்குக் காரை எடுத்தான். பக்கத்து இருக்கை ஏனோ நன்றாகப் பின்னால் தள்ளியிருந்தது. வாசலைத் தாண்டுவதற்குள் கார் கத்த ஆரம்பித்தது. பீங், பீங், பீங். பக்கத்து இருக்கையில் ஆள் இருக்கிறார், பெல்ட் போடவில்லை என்ற சிவப்பு விளக்கு எரிந்தது. அங்கே ஒரு பைகூட இல்லை. கோளாறு என்று நினைத்தான். தொல்லை தாங்காமல் ஓரமாக நிறுத்தி, காலி இருக்கைக்குப் பெல்ட்டை இழுத்து மாட்டினான். கத்தல் நின்றது.

பெல்ட் தட்டையாகப் படியவில்லை. இருக்கையிலிருந்து ஒரு முழம் விலகி, காற்றில் வளைந்து நின்றது. வளைவு மெல்ல ஏறியது. மெல்ல இறங்கியது.

அவன் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பயப்பட வேண்டிய விஷயம் என்று தெரிந்தது. பயம்தான் வரவில்லை. வண்டியை ஓட்டினான்.

வீட்டுப் படியேறும்போது பின்னால் இன்னொரு நடை கேட்டது. கனத்த, ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்குகிற நடை. திரும்பினால் படிகள்தான் இருந்தன. உள்ளே போய்க் கதவைத் தாழிட்டான். கூடத்தில் பாதி பொருத்திய தொட்டில் ஒன்று நின்றது. முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப் போயிருப்பார்கள், வீட்டுக்காரரிடம் சொல்லி எடுக்கச் சொல்ல வேண்டும் என்று நினைத்தான்.

கதவு தட்டப்பட்டது.

"என்னப்பா இது, என் மூஞ்சிலயே கதவச் சாத்துற? விளையாடாத. திற."

பெண் குரல். கதவுத் துவாரத்தில் கண் வைத்தான். நடைபாதை முழுக்கத் தெரிந்தது. விளக்கு எரிந்தது. யாரும் இல்லை.

"வலிக்குதுப்பா. நிக்க முடியல. யாருமே என்னத் திரும்பிப் பாக்க மாட்டேங்குறாங்க. நீயாவது..."

வார்த்தை அறுந்து முனகலானது. கதவில் எதுவோ சாய்ந்து, மரத்தை உரசிக்கொண்டே கீழே இறங்கியது. கதவின் இடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே வந்தது. காலில் பட்டது. வெதுவெதுப்பாக இருந்தது.

அவன் போய் ஒரு பழைய துணி எடுத்து வந்தான். மண்டியிட்டுத் துடைத்தான். பிழிந்தான். மறுபடி துடைத்தான். தண்ணீரில் சிவப்பு கலந்து வந்தது. வெளியே ஓர் அலறல், நீளமாக. பிறகு நிசப்தம்.

பிறகு, காலியான நடைபாதையில், கதவுக்கு ஒரு சாண் தூரத்தில், தரையோடு தரையாக ஒரு பச்சைக் குழந்தை வீறிட்டு அழுதது.

அவன் துணியை மடித்து, இடுக்கை இறுக்கமாக அடைத்தான்.