போலாம் ரைட்!

ஆற்றைப் பார்த்ததும் சித்தப்பாவின் வாய் மூடிக்கொண்டது.

படகுச் சவாரிக்கு வந்த வழியெல்லாம் அவர் பேச்சுதான். சித்தப்பா பேருந்து ஓட்டுநர். "மலைப்பாதையில, கொட்டுற மழையில வண்டி ஓட்டுறவன் நான். இந்தத் தண்ணியெல்லாம் எம்மாத்திரம்?" என்று மீசையை முறுக்கிக்கொண்டே வந்தார்.

இப்போது பாறைகளுக்கு நடுவே நுரை பொங்கி, ஆறு உறுமியது. லைஃப் ஜாக்கெட்டின் கொக்கியை அவர் மூன்று முறை தவறவிட்டார்.

பத்து வயது வாண்டு அதைக் கவனித்துவிட்டாள். அப்பா பார்த்தால் ஒரு வருஷத்துக்குக் கிண்டலடிப்பார். சத்தமில்லாமல் கொக்கியை அவளே மாட்டிவிட்டாள்.

"முதுகு வலிக்குதும்மா. நான் கரையிலயே இருக்கட்டுமா?"

"இருங்க சித்தப்பா, தப்பில்ல. வந்தா எனக்கு முன்னாடி உக்காருங்க. எனக்கும் கொஞ்சம் பயமாத்தான் இருக்கு."

"உனக்குமா?" சித்தப்பாவின் முகம் தெளிந்தது. ரப்பர் படகில் ஏறிவிட்டார்.

இடப்பக்கம் அப்பா. வலப்பக்கம் சித்தப்பா, அவருக்குப் பின்னால் வாண்டு. கடைசியில் வழிகாட்டி அக்கா.

முதல் சரிவு வந்தது. "எல்லாரும் துடுப்பு போடுங்க!" அக்கா கத்தினாள்.

அப்பா போட்டார். வாண்டும் போட்டாள். சித்தப்பா கண்ணை இறுக மூடி, துடுப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். படகு வலப்பக்கம் திரும்பி, யானை அளவு பாறையை நோக்கி ஓடியது.

"சித்தப்பா, கண்ணைத் திறங்க!"

அவர் அசையவில்லை.

வாண்டு சட்டென்று படகின் பக்கவாட்டில் ஓங்கித் தட்டினாள். நடத்துநர் குரலில் கத்தினாள்:

"போலாம் ரைட்!"

சித்தப்பாவின் கண்கள் படாரென்று திறந்தன. எத்தனை வருஷப் பழக்கம்! துடுப்பு தானாகத் தண்ணீரில் இறங்கியது.

"ரைட்! ரைட்!"

அவள் ஒவ்வொரு முறை கத்தும்போதும் துடுப்பு ஒருமுறை தண்ணீரை வாரித் தள்ளியது. படகு திரும்பியது. பாறையை உரசிக்கொண்டு, சரிவில் தொப்பென்று குதித்தது. எல்லாரும் தொப்பலாக நனைந்தார்கள்.

அமைதியான தண்ணீருக்கு வந்ததும் அக்கா கேட்டாள்: "யாரெல்லாம் பயந்தீங்க?"

வாண்டு வாய் திறப்பதற்குள் சித்தப்பா கையைத் தூக்கினார். மீசை நுனியில் தண்ணீர் சொட்டியது.

"நான்தான், அண்ணா! உயிரே போயிடுச்சு!" என்று அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். அப்பாவுக்குக் கிண்டல் செய்ய எதுவுமே மிச்சமில்லை.

சித்தப்பா பின்னால் திரும்பினார். "வாண்டு, இன்னொரு தடவை போலாமா?"

படகு கரையைத் தொட்டதும் அவள் குதித்திறங்கி, படகு புறப்பட்ட இடத்துக்கு மேலே போகும் பாதையில் அவருக்கு முன்னால் ஓடினாள்.