விடுதலைக்கு ஒருத்தி

அடிமை ஒழிப்புத் திருநாளில் முத்தந்துறை நகரத்தில் உணர்முடி அணியாத தலை கிடையாது. விலங்கு அறுபடும்போது ஓர் அடிமைக்குப் பொங்கும் மகிழ்ச்சியை அந்த முடி அப்படியே அணிந்தவர் நெஞ்சில் இறக்கிவிடும். நடிப்பு எடுபடாது. முன்னோர் பட்ட பாட்டை மறக்காதிருக்க, உணர்ச்சி அசலாக இருக்க வேண்டும் என்றது விழாக்குழு. அதனால் அசலாகவே ஆட்களைப் பிடித்து அடைத்தார்கள்.

பவளம் வெள்ளத்தில் ஊரை இழந்து முகாமில் கிடந்தவள். வேலை என்று அழைத்து வந்து, காலில் விலங்கிட்டு உப்பளத்தில் இறக்கிவிட்டார்கள். திருநாள் ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது.

அன்று காலை காவலாள் வந்தான். "கெளம்பு. ஒன்னய விடப்போறாங்க."

அவளுக்கு மகிழ்ச்சி பொங்கியது. முகாமில் விட்டுவந்த மகள் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. காவலாள் வண்டியைக் கொண்டுவரப் போனான்.

பக்கத்துப் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த மாசிலா, முந்தின நாள்தான் வேறு அளத்திலிருந்து வந்தவன், தலை நிமிராமல் சொன்னான்: "போன வருசம் என்னயவும் விட்டாங்க."

"பெறகு இங்க என்ன பண்றீங்க?"

"மேடையில வெலங்க வெட்டுனாங்க. ஊரே சந்தோசத்துல அழுதுச்சு. எறங்குனா, பின்வாசல்ல வண்டி நிக்கிது. வருசா வருசம் புது ஆளு வேணுமாம், தாயி. பழைய ஆளுக்குச் சந்தோசம் வராதுல்ல."

வண்டி பவளத்தை விழா மேடைக்குக் கொண்டுபோனது. சற்று முன் பொங்கிய மகிழ்ச்சியை நினைக்கவே உடம்பு கூசியது. அதையும் கறக்கத்தானா ஓராண்டு பூட்டி வைத்தார்கள்?

விழாத் தலைவர் ஆளவந்தார், தலையில் உணர்முடியோடு, குனிந்து விலங்கை அறுத்தார்.

"இனிமே நீ யாருக்கும் அடிமை இல்லம்மா."

அவள் நெஞ்சில் உள்ளதை எல்லா உணர்முடிக்கும் அனுப்ப, பிடரியில் பதித்திருந்த பொறி உயிர்பெற்றது. பவளம் தீராத வெறுப்போடு அவரைப் பார்த்தாள்.

கைதட்டல் பாதியில் அறுந்தது. முன்வரிசையில் கணவனும் மனைவியும் ஒருவர் உணர்முடியை ஒருவர் பிய்த்தெறிந்தார்கள். மைதானமெங்கும் ஆட்கள் தங்கள் முகத்திலேயே அறைந்துகொண்டார்கள். ஆளவந்தார் முடியைக் கழற்றி வீசினார். இறங்கியது இறங்கியதுதான். தன்னைத் தானே கொன்றுபோடும் வெறி அவருக்குள் ஏறிக்கொண்டிருந்தது.

மடியிலிருந்த சாவிக்கொத்தை நீட்டினார். "எல்லாரையும் தெறந்துவிட்டுரு. என்னைய மட்டும் பாக்காத, தாயே."

பவளம் சாவியை வாங்கிக்கொண்டாள். பார்வையை எடுக்கவில்லை.