பால் குடித்த கண்

கொடியில் காய்ந்துகொண்டிருந்த தொட்டில் துணி காற்றில் விலகியபோது, தவுபிக்கின் இடது கண்தான் முதலில் அந்தப் பக்கம் திரும்பியது. வலது கண் சற்றுத் தாமதித்துப் பின்னால் போனது. எதிரே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அவன் மனைவி ஹஸ்னாவுக்குக் கை நின்றுவிட்டது. இடது கண் செயற்கைக் கண். அது முந்தக்கூடாது.

போன தீபாவளி சீசனில், அவனுடைய பட்டாசுக் கடைக்கு வந்த புது வெடியை ஆமத்தூர்ப் பக்கம் ஒரு பொட்டலில் கொளுத்திப் பார்த்தபோது, துண்டு ஒன்று தெறித்து அந்தக் கண்ணைக் கொண்டுபோனது. மதுரையில் குழியைச் சுத்தம் செய்து, உள்ளே உருண்டை ஒன்றை வைத்துத் தசைகளை அதில் தைத்து, மேலே கழற்றி மாட்டுகிற சில்லு ஒன்றைக் கொடுத்தார்கள். டாக்டரம்மா பொறுமையாகச் சொல்லி அனுப்பினார். மூளை இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாக உத்தரவு போடாதாம். ஒரே உத்தரவுதான், இரண்டும் சேர்ந்தே கேட்குமாம். நல்ல கண் போகிற பக்கமெல்லாம் இதுவும் கொஞ்சம் போகும், பார்த்துப் பயந்துவிடாதீர்கள் என்றார்.

ஹஸ்னா பயப்படவில்லை. அவளுக்கு அருவருப்புதான் வந்தது. தினமும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவன் சாய்ந்துகொண்டு கீழ் இமையை இழுப்பான், சில்லு கோழையை நூலாக இழுத்தபடி வழுக்கி அவள் உள்ளங்கையில் விழும், ஊறப்போட்டு மறந்த துணியின் வாடை அடிக்கும், குழிக்குள் சிவப்பாக, ஈரமாக, இமைகளுக்கு நடுவில் சதை தெரியும். அவன் வாசலைப் பார்த்தால் அந்தச் சதையும் வாசல் பக்கம் நெளியும். சாப்பிட்டதைத் தொண்டையிலேயே நிறுத்திக்கொண்டு அவள் துடைத்துவிடுவாள். கட்டிய புருஷன், வேறு யார் துடைப்பார்கள்?

பத்து நாளுக்கு முன் குழி சிவந்து எரிந்தது. சொட்டு மருந்துக்குக் கேட்கவில்லை. கண் சிவந்தால் தாய்ப்பால் விடுவது எந்த வீட்டிலும் உள்ளதுதான். அவளுக்கோ மூன்று மாதப் பிள்ளை, தஹ்மீனா, மடியில் இருந்தாள்.

"ரெண்டு சொட்டு விடேன் ஹஸ்னா. குளுந்துரும்."

பிள்ளைக்குப் புகட்டுகிற பாலாடைச் சங்கில் பீய்ச்சி அவன் குழியில் சாய்த்தாள். கன்னத்தில் வழியும் என்று துணியோடு காத்திருந்தாள். வழியவில்லை. சதை குவிந்தது. ப்ச், ப்ச் என்று சத்தம் வந்தது. மார்பில் தினமும் கேட்கிற அதே சத்தம். அவள் புழக்கடைக்கு ஓடி வாந்தி எடுத்தாள்.

மறுநாளும் கேட்டான். அதற்கு மறுநாள் பாலாடை நிறையக் கேட்டான். எரிச்சல் அடங்குகிறதே என்று அவளும் விட்டாள். பத்தாம் நாள் சுகாதார நிலையத்தில் தஹ்மீனாவை எடை போட்ட நர்ஸ், பிள்ளை இளைத்துவிட்டாளே, பால் எங்கே போகிறது என்று கேட்டார். ஹஸ்னாவுக்கு முகம் கூசியது. ஒரே மார்பில் குடித்தவர்கள் உடன்பிறப்பு, அவர்களுக்குள் கல்யாணம்கூடக் கூடாது என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் அவள். அப்படியென்றால் அந்தக் கண்ணும் தஹ்மீனாவும் இப்போது உடன்பிறப்பா என்ற நினைப்பைத் திரும்பி வரும் வழியெல்லாம் விரட்டிக்கொண்டே வந்தாள்.

இப்போது வெங்காயத்தைக் கீழே வைத்தாள்.

"இனிமே தர மாட்டேன் மச்சான். புள்ளைக்கே பத்தல."



"கேக்குறது நானில்ல ஹஸ்னா. நாலு நாளா இந்த நல்ல கண்ண என்னால திருப்ப முடியல. அது பாக்குற பக்கந்தான் இதுவும் போகுது."

"அது எதப் பாக்குது?"

  இடது கண் இறங்கியது. வலது கண் பின்னால் இறங்கியது. இரண்டும் அவள் ரவிக்கையில் ஊறியிருந்த ஈரத்தில் நின்றன. அவன் முகம் மட்டும் அழுதுகொண்டிருந்தது.

தொட்டிலிலிருந்து பிள்ளையை வாரிக்கொண்டு உள் அறைக்குப் போய்த் தாழிட்டாள். மாலைத் தொழுகைக்கு அஸர் பாங்கு கேட்டது. ஜன்னலில் நல்ல வெயில். இந்த ஒருத்தியையாவது வயிறாரக் குடிக்க வைத்துவிட வேண்டும், விடிந்ததும் அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறிவிட வேண்டும் என்று நினைத்தபடி மார்பில் அணைத்தாள். தஹ்மீனா கண்ணை மூடிக்கொண்டு ஆவலாகக் குடித்தாள்.

வெளியே சிமெண்டுத் தரையில் ஏதோ விழுந்து உருண்டது. சில்லு.

பிறகு கதவுக்கு அந்தப் பக்கம், தரையோடு தரையாக, ப்ச், ப்ச்.

தஹ்மீனா குடிப்பதை நிறுத்தினாள். கண்ணைத் திறந்தாள். அம்மாவைப் பார்க்கவில்லை.

இடது கண் கதவுப் பக்கம் திரும்பியது. சற்றுப் பிந்தி, வலது கண்.

ஹஸ்னா பிள்ளையின் தலையைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள். தலை திரும்பியது. கண்கள் கதவிலேயே இருந்தன.

வெளியே சத்தம் நின்றது.

ஆனாலும் கேட்டது. மடியிலிருந்து. பிள்ளையின் வாய் மூடித்தான் இருந்தது.

இடது இமைகள் குவிந்தன. விரிந்தன. குவிந்தன.

தஹ்மீனாவின் கன்னத்தில் ஒரு சொட்டுப் பால் சிந்திக் கிடந்தது. அது கீழே வழியவில்லை. மெல்ல, கண்ணை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது.