அண்ணன் கடித்த குழாய்

ஹெலிகாப்டர் நிற்கும் கொட்டகையை ஒட்டி ஜன்னல் இல்லாத ஓர் அறை. பறப்பதற்கு முன் பைலட் அங்கே வந்து, குடித்திருக்கிறாரா என்று பார்க்கும் கருவியின் குழாயில் ஊத வேண்டும். பச்சை எரிந்தால் பறக்கலாம். சிவப்பு எரிந்தால் வீட்டுக்குப் போகலாம். எது எரிகிறது என்று பார்ப்பது என் வேலை. அண்ணன் செத்ததற்கு ஈடாகக் கம்பெனி கொடுத்தது. எங்கள் குடும்பத்திலேயே முதலில் பட்டம் வாங்கியவள் நான். பட்டம் வாங்கி விளக்கைப் பார்க்க வந்தேன்.

அண்ணன் இங்கே பெட்டி ஏற்றினான், கதவு சாத்தினான், கூடவே பறந்தான். இன்னொன்றும் செய்தான். அதைச் சோற்றுத் தட்டின் முன்னால் பெருமையாகச் சொல்வான்.

“கேப்டனுக்கு நான்தான் ஊதுறேன். குடிக்காத வாய்க்கு அங்க என்ன மரியாதை தெரியுமா? அவரு ஓட்டுவாரு, நான் ஊதுவேன்.”

அங்கிருந்து எடுத்து வந்த குழாயை அழுந்தக் கடித்துக்கொண்டு ஊதிக் காட்டுவான். சைக்கிளிலிருந்து விழுந்து முன்பல் பாதி உடைந்தவன். கடிக்காவிட்டால் காற்று ஓடிவிடும்.

அந்தக் கேப்டனும், அண்ணனும், வாடகைக்குப் பறக்க வந்த ஒரு புதுத் தம்பதியும் மலைச்சரிவில் கரியானார்கள். கருவி பச்சை காட்டியதால் கேப்டன் குடிக்கவில்லையாம். மேகம்தான் காரணமாம். மேகம் வந்து மறுத்துப் பேசுமா?

நான் சேர்ந்த முதல் காலை. அறையில் பினாயில் வாடை. அதற்கு அடியில் இன்னொன்று.

எரிந்த எண்ணெய்.

புதுக் கேப்டன் சுவரைப் பிடித்தபடி வந்தார். பின்னால் மேனேஜர்.

“பாப்பா, நீ ஊதிடு,” என்றார் கேப்டன்.

“உங்க அண்ணன் சொல்லிக் குடுக்கலையாம்மா?” மேனேஜர் சிரித்தார்.

“சொல்லிக் குடுத்தான். அதான் செத்தான். சாரே ஊதட்டும். இல்லேன்னா வெளிய நிக்கிறவங்ககிட்ட போய்ச் சொல்லிடுவேன்.”

வெளியே பறக்கக் காத்திருக்கும் ஒரு கணவன், மனைவி. அவள் இடுப்பில் ஒரு பெண் குழந்தை.

மேனேஜரின் சிரிப்பு செத்தது. “ஊதித் தொலைங்க கேப்டன். சிவப்பு வந்தா இன்னைக்குப் போக வேணாம்.”

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். புதுக் குழாயை உறை பிரித்து மாட்டினேன். கேப்டன் குனிந்தார். சாராய நெடியில் என் கண் எரிந்தது.

அவர் உதடு குழாயைத் தொடவே இல்லை.

அதற்குள் யாரோ ஊதினார்கள்.

நீளமாக. நிதானமாக. என் காதோரம்.

பச்சை.

“இன்னொரு தடவை!” என்று கத்தினேன். வேறு குழாயை மாட்டினேன். உதட்டுக்குள்ளேயே கெஞ்சினேன்.

“அண்ணா, ஊதாதண்ணா. ஒரு குழந்தை ஏறப் போகுது. உன் காலைப் பிடிக்கிறேன்.”

மூச்சு தயங்கியது. எனக்குத் தெரியும், தயங்கியது.

“ம், ஆகட்டும்!” மேனேஜர் அதட்டினார்.

ஊதினான்.

செத்த பிறகும் அதட்டலுக்குப் பயப்படும் பிழைப்பு.

பச்சை.

வெளியே ஓடினேன். “ஏறாதீங்க! அந்தாளு குடிச்சிருக்கான்!”

“அண்ணன் போன துக்கம். பாவம், புத்தி பிசகிடுச்சு,” என்று மேனேஜர் அவர்களிடம் சொல்லி, என் தோளைப் பிடித்து இழுத்தார். இறக்கைகள் சுற்றத் தொடங்கின. என் கத்தல் எனக்கே கேட்கவில்லை. அந்தக் குழந்தை கண்ணாடி வழியே எனக்கு டாட்டா காட்டியது.

அறைக்குத் திரும்பினேன். குழாய் கருவியிலேயே இருந்தது. தொட்டேன்.

சூடு.

நுனியில் பல் தடம். நடுவில் பாதிப் பல்லுக்கான இடைவெளி.

பக்கத்து அறையில் வயர்லெஸ்காரர் கேப்டனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். வெறும் இரைச்சல்தான் வந்தது. பிறகு அதுவும் நின்றது. தேடிப் போக இன்னொரு ஹெலிகாப்டரைக் கிளப்பச் சொல்லி மேனேஜர் அலறினார். அதன் பைலட் நடைவழியில் வந்தார். நடை கோணியது. அவருக்கு முன்பே நெடி வந்துவிட்டது.

கருவியிலிருந்து குழாயைப் பிடுங்கி என் முஷ்டிக்குள் இறுக்கிக்கொண்டேன்.

அவர் இன்னும் வாசலைத் தாண்டவில்லை.

முஷ்டிக்குள் மூச்சு ஓடியது.

மேசைமேல் கருவியில், பச்சை.